பியரை எவ்வளவு குளிர வைக்கணும்? திருகோணமலை வெக்கையில ஒரு எளிய விளக்கம்

கன்னியா வெந்நீர்க் கிணத்துக்குப் போய் வந்த ஆக்களுக்கு நான் சொல்ல வாற விசயத்துல பாதி ஏற்கனவே தெரியும். ஏழு கிணறு இருக்கு, ஒண்டுக்கும் மற்றதுக்கும் சில எட்டுத்தான் தூரம், ஆனா ஒவ்வொண்டுலயும் வாளி விட்டு அள்ளி ஊத்தினா ஒவ்வொரு சூடு. சின்னனுல அம்மம்மா எங்களை மாத்தி மாத்தி ஊத்த விடுவா. நல்ல சூடான கிணத்துல ஊத்திப்போட்டு உடனே இளஞ்சூட்டுக் கிணத்துக்கு வந்தா அது பச்சத்தண்ணி மாதிரி இருக்கும், அதே தண்ணிய முதல்ல ஊத்தினா சுடுது எண்டு கத்துவம். தண்ணி ஒண்டுதான், சூடுதான் வேற, ஆனா உடம்புக்கு அது ஏழு விதமான தண்ணி. பியரும் இதே கதைதான். ஒரே பெட்டியில வந்த ஒரே பியரை 3 டிகிரியில குடிச்சா ஒண்டு, 12 டிகிரியில குடிச்சா வேற ஒண்டு, சில வகைக்கு முதலாவது நல்லது, சில வகைக்கு ரெண்டாவது. எந்த வகைக்கு எது, ஏன் அப்பிடி, எங்கட ஊர் வெக்கையில அதை எப்பிடிச் செய்யிறது, இவ்வளவுதான் இந்தக் கட்டுரை.

நான் உப்புவெளிக் கடற்கரைப் பக்கம் ஒரு சின்ன கெஸ்ட்ஹவுஸ்ல வேலை செய்யிறன், சீசன் நேரத்துல பிரிட்ஜும் ஐஸ் பெட்டியும் என்ட பொறுப்பு. இஞ்ச சீசன் எண்டா மே தொடங்கி செப்டெம்பர் வரை, தெற்குல மழை அடிக்கிற நேரம் எங்கட பக்கம் கடல் குளம் மாதிரி கிடக்கும், கச்சான் காத்து வீசத் தொடங்கினா பகல்ல 35 டிகிரியைத் தாண்டுற நாளும் இருக்கு. அந்த வெயிலுக்குள்ள ஆர் வந்து இருந்தாலும் முதல் கேள்வி "நல்லா குளிர்ந்தது இருக்கா?" எண்டதுதான், கொழும்புல இருந்து வாற பொடியனும் அதைத்தான் கேப்பான், உவர்மலைப் பக்கத்துல இருந்து வாற அண்ணன்மாரும் அதைத்தான் கேப்பாங்க. அதால நானும் கனகாலம் குளிர் கூடக் கூட பியர் நல்லது எண்டு நம்பி, எந்த வகையா இருந்தாலும் பிரீசர்ல ஒரு மணித்தியாலம் போட்டு வெள்ளையாப் பனி படிஞ்ச கிளாஸோட கொண்டுபோய் வைப்பன்.

ஒரு ஆகஸ்ட் மாசம் இங்கிலாந்துல இருந்து வயசான ஒரு ஆள் வந்து நாலு நாள் தங்கினார். முதல் நாள் பின்னேரம் லயன் ஸ்டவுட், எங்கட நாட்டுக் கனமான கறுப்புப் பியர், ஒண்டு கேட்டார். நான் வழமை போல பிரீசர்ல கிடந்ததை எடுத்து பனிக் கிளாஸோட வச்சன், போத்தல் கழுத்துல சின்னச் சின்ன ஐஸ் கூட இருந்திச்சு. அவர் நன்றி சொல்லிட்டு போத்தலைத் திறக்காம அப்பிடியே மேசையில வச்சிட்டு, பனிக் கிளாஸைத் திருப்பித் தந்து சாதாரணக் கிளாஸ் ஒண்டு கேட்டார். பிறகு கடலைப் பாத்துக்கொண்டு இருந்தார், இருபது நிமிசம், இருபத்தஞ்சு நிமிசம். எனக்கு மனசுக்குள்ள ஒரு மாதிரி, என்ன பிழை விட்டுட்டம் எண்டு தெரியல. கிட்டப் போய் கேட்டன். "உங்கட நாட்டு ஸ்டவுட் நல்ல சாமான், இவ்வளவு குளிருல அது வாயே திறக்காது" எண்டு சொன்னார்.

அண்டைக்கு டியூட்டி முடிஞ்சு வீட்டுக்கு ரெண்டு ஸ்டவுட் கொண்டுபோனன். ஒண்டு பிரிட்ஜ்ல இருந்து அப்பிடியே, மற்றதை வெளியில எடுத்து வச்சுக் காத்திருந்து. குளிர்ந்ததுல முதல் வாய்க்கு ஒரு கரிஞ்ச கசப்பு, பிறகு கனமான ஒரு தண்ணி, அவ்வளவுதான். மற்றதை கிளாஸ்ல ஊத்தி மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோன உடனயே கோப்பி வறுக்கிற மணம், அதுக்குப் பின்னால பனங்கட்டி உருக்கிற மணம், குடிக்கிற நேரம் நடு நாக்குல பேரீச்சம்பழம் மாதிரி ஒரு இனிப்பு வந்து கடைசியிலதான் கசப்பு வந்து முடிச்சு வச்சுது. ஒரே நாள் வாங்கின, ஒரே திகதி போட்ட ரெண்டு போத்தல். அதுக்குப் பிறகுதான் சமையலுக்கு பாவிக்கிற தெர்மோமீட்டர் ஒண்டு வாங்கி கிளாஸுக்குள்ள விட்டுப் பாக்கத் தொடங்கினன்.

சரி, ஏன் இப்பிடி நடக்குது? முதல் காரணம் மணம். நாங்க ருசி எண்டு சொல்லுறதுல பெரிய பங்கு மூக்கோட வேலை, தடிமன் பிடிச்ச நேரம் மீன் குழம்பு கூட சப்பெண்டு இருக்கிறது அதாலதான். மணம் மூக்குக்கு வரணும் எண்டா அந்தப் பொருள் திரவத்துல இருந்து ஆவியாகி மேல வரணும். குளிர்ல அது குறைவா எழும்பும், சூடு கூடக் கூட நிறைய எழும்பும். ஆறின பிளேன்டீக்கும் ஆவி பறக்கிற பிளேன்டீக்கும் உள்ள மணத்தை நினைச்சுப் பாருங்க, அதேதான்.

ரெண்டாவது காரணம் நாக்கு. இனிப்பை உணர்ந்து மூளைக்குச் சொல்லுறதுக்கு நாக்குல இருக்கிற கலங்கள்ல டிஆர்பிஎம்5 எண்டு ஒரு சின்ன வாசல் இருக்கு, அந்த வாசல் குளிருக்கு மந்தமாகி சூட்டுக்கு நல்லா வேலை செய்யுது எண்டு பெல்ஜியத்துல லூவன் பல்கலைக்கழக ஆக்கள் 2005ல நேச்சர் இதழ்ல காட்டினாங்க, 15 டிகிரியில இருந்து 35 டிகிரி வரைக்கும் போகப் போக இனிப்பு கூடித் தெரியும். இதுக்கு ஆய்வுகூடம் தேவையில்ல. ஐஸ்கிறீம் கப் ஒண்டை உருக விட்டுக் குடிச்சுப் பாருங்க, தெவிட்டும். குளிர்ல இருக்கேக்க அதே சீனி அளவா இருந்ததுதான். ஸ்டவுட்ல இருக்கிற மோல்ட், அதாவது முளைக்க வச்சுக் காய வச்ச பார்லி, தாற இனிப்பும் அப்பிடித்தான், 3 டிகிரியில அது ஒளிஞ்சு கிடக்கும், அப்ப கரிஞ்ச கசப்பைப் பிடிச்சு வைக்க ஆள் இல்லாம கசப்பு மட்டும் தனிய நிக்கும்.

மூண்டாவது காஸ். பியருக்குள்ள கரைஞ்சு இருக்கிற காபனீரொட்சைட்டு குளிர்ல அடங்கி இருக்கும், சூட்டுல வெளியில ஓடும். ஒரு லீட்டர் தண்ணி சாதாரண காத்தழுத்தத்துல 0 டிகிரியில கிட்டத்தட்ட 1.7 லீட்டர் காபனீரொட்சைட்டைக் கரைச்சு வச்சிருக்கும், 20 டிகிரியில அது 0.9 லீட்டருக்குக் கிட்டத்தான், 30 டிகிரியில 0.7 லீட்டருக்கும் குறைவு. அதாலதான் அனுராதபுரச் சந்தியில வாங்கி மோட்டச்சைக்கிள்ல குலுங்கக் குலுங்கக் கொண்டுவந்த சூட்டுப் போத்தலை அப்பிடியே திறந்தா பாதி நுரையா நிலத்துல போகும், மிச்சம் பாதி காஸ் இல்லாமக் கிடக்கும். அதே போத்தலை குளிர வச்சு ஆடாமத் திறந்தா ஒரு துளி வீணாகாது. ஆனா மற்றப் பக்கமும் இருக்கு, மிச்சம் குளிர்ந்த பியர்ல காஸ் கிளாஸ்ல வெளியில வராம வயித்துக்குள்ள போய்த்தான் வெளியில வரும், வயிறு ஊதிப்போகும், நுரையும் ஒழுங்கா நிக்காது. நுரை நிக்கிறது வடிவுக்கு மட்டும் இல்ல, மணத்தை மேல தூக்கிக் குடுக்கிறதும் அதுதான்.

இந்த மூண்டையும் சேத்துப் பாத்தா அடிப்படைக் கணக்கு தன்பாட்டுல வரும்: குளிர் மறைக்கும், சூடு காட்டும். காட்டுறதுக்கு நிறையச் சாமான் உள்ள பியரை, அதாவது கறுப்பு, கனம், அல்ககோல் கூடின வகைகளை, கொஞ்சம் குளிர் குறைச்சுக் குடுக்கணும். மெல்லிய, தாகத்துக்குக் குடிக்கிற பியரைக் குளிரக் குடுக்கணும்.

இதுல ஆக்கள் மிச்சம் குழம்புற இடம் ஒண்டு இருக்கு. வெளிநாட்டுப் புத்தகங்கள்ல, வீடியோக்கள்ல "ரூம் டெம்பரேச்சர்ல குடிங்க", "கொஞ்சம் வெதுவெதுப்பா குடிங்க" எண்டு சொல்லுவாங்க. அந்த ரூம் எங்கட ரூம் இல்ல. இங்கிலாந்துல பப்புக்குக் கீழ இருக்கிற நிலவறையில பீப்பாயில வச்சு ஊத்துற கஸ்க் ஏல் எண்ட பியரைத்தான் ஆக்கள் "வெள்ளைக்காரன் சூட்டுப் பியர் குடிக்கிறான்" எண்டு சொல்லுறது, ஆனா அந்த நிலவறையோட சூடு 11 இல இருந்து 13 டிகிரி. திருகோணமலையில 13 டிகிரி எண்டது இயற்கையா எந்த நாளும், மார்கழி மழையில விடியச்சாமத்துல கூட, வராத குளிர். எங்கட வீட்டு மேசையில கிடக்கிற போத்தல் 30 டிகிரி. அப்ப புத்தகத்தை நம்பி ஸ்டவுட்டை மேசையில இருந்து எடுத்து நேரே திறந்தா அல்ககோல் மூக்குல அடிச்சு, காஸ் பறந்து, சிரப் மாதிரி ஒரு சாமான்தான் வாய்க்குள்ள போகும். அது ஸ்டவுட்டோட பிழை இல்ல. எங்கட ஊருல எந்தப் பியரையும் பிரிட்ஜ்ல வைக்காமக் குடிக்கேலாது, கேள்வி எவ்வளவு நேரம் வெளியில எடுத்து வைக்கிறது எண்டது மட்டும்தான்.

லாகர், அதாவது அனேகமாப் பொன்னிறமா, மெல்லிசா இருக்கிற பியர் வகை, பிறந்ததே குளிர்ல. லாகர் எண்ட ஜெர்மன் சொல்லுக்கு களஞ்சியம், சேமிச்சு வைக்கிற இடம் எண்டு பொருள். கீழ படிஞ்சு வேலை செய்யிற ஒரு வகை ஈஸ்ட், கிட்டத்தட்ட 8 இல இருந்து 13 டிகிரியில மெதுவாப் புளிக்க வச்சு, பிறகு உறைநிலைக்குக் கிட்ட வாரக் கணக்கா வச்சிருப்பாங்க. பவேரியாவுல 1553ல ஒரு கட்டளை போட்டு ஏப்ரல் 23க்கும் செப்டெம்பர் 29க்கும் இடையில பியர் காய்ச்சக் கூடாது எண்டு தடுத்தாங்க, கோடைச் சூட்டுல பியர் கெட்டுப் போனதாலதான். அதுக்காக நிலவறை தோண்டி, ஏரியில வெட்டின ஐஸை அடுக்கி, மேல நிழலுக்கு செஸ்ட்நட் மரம் நட்டு வச்சாங்க, அந்த மர நிழல்ல வாங்கு போட்டு இருந்து குடிக்கத் தொடங்கினதுதான் இண்டைக்கு பியர் கார்டன் எண்டு சொல்லுறது. 1842ல பில்சன் நகரத்துல ஜோசப் குரோல் காய்ச்சின பொன்னிற லாகர்தான் பிறகு உலகம் முழுக்கப் பரவினது, எங்கட லயன் லாகரும் அந்தப் பரம்பரையில வந்த ஒண்டு. 1870கள்ல கார்ல் வொன் லிண்ட குளிரூட்டும் மெசின் செய்யத் தொடங்கின நேரம் பரீட்சிச்சுப் பாத்த முதல் இடங்கள்ல ஒண்டு மியூனிச்ல இருக்கிற ஸ்பாட்டன் பியர் ஆலைதான். உங்கட வீட்டுப் பிரிட்ஜுக்குள்ள பியருக்கு ஒரு உரிமை இருக்கு எண்டு நான் உண்மையாவே நினைக்கிறன்.

அதால லயன் லாகர் மாதிரி மெல்லிய லாகருக்கு 3 இல இருந்து 5 டிகிரி சரி, எங்கட வெயிலுக்கு 3ல தொடங்கினாலும் பரவாயில்ல. ஜப்பான்ல அசாஹி கொம்பனி எக்ஸ்ட்ரா கோல்ட் எண்டு 0க்கும் கீழ, மைனஸ் 2 வரைக்கும் குளிர வச்சு ஊத்துறாங்க, அல்ககோல் இருக்கிறதால அந்தக் குளிர்லயும் உறையாது. ஜெர்மன், செக் நாட்டுப் பில்சனர்கள் ஹொப்ஸ், அதாவது பியருக்குக் கசப்பும் மணமும் தாற ஒரு கொடியோட பூ, மணம் கூடினவை, அதுக்கு 5 இல இருந்து 8 நல்லது. லாகரை இவ்வளவு குளிராக் குடிக்கிறதுக்கு எங்கட ஊருல இன்னொரு காரணமும் இருக்கு, பைட்ஸ், பியரோட கொறிக்கிற உறைப்புச் சாமான். டெவில் கணவாய் ஒரு தட்டு முன்னால இருக்கேக்க நாக்கு எரியிறது மிளகாயால, அந்த எரிவைத் தாற கப்சைசின், உடம்பு சுடுதண்ணியை உணர்ந்துகொள்ளுற அதே வாசலைத்தான் தட்டுது. டேவிட் ஜூலியஸ் அந்த வாசலைக் கண்டுபிடிச்சதுக்குத்தான் 2021ல நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். உறைப்பு எண்டு நாங்க சொல்லுறது உடம்புக்கு ஒரு சூட்டுச் செய்தி, அதுக்கு மேல 4 டிகிரி லாகர் போனா அந்த வாசல் கொஞ்ச நேரம் அடங்கும். கணவாய்க்கு ஸ்டவுட் 12 டிகிரியில ஊத்திக் குடிக்கிற ஆக்களை நான் தடுக்க மாட்டன், ஆனா எனக்கு அது சரிவரல.

கோதுமைப் பியர், ஜெர்மன்காரர் வைஸ்பியர் எண்டு சொல்லுறது, கலங்கலா இருக்கும். இதுல வாழைப்பழ மணம் அடிக்கும், சில ஆக்கள் எஸன்ஸ் போட்டிருக்கிறாங்க எண்டு நினைக்கிறது, இல்ல, ஈஸ்ட் தானா உண்டாக்கிற ஐசோஅமைல் அசிட்டேட் எண்ட பொருள் அது, கதலிப் பழம் பழுக்கேக்க வாற மணத்துலயும் இருக்கிறது இதேதான். கூடவே கராம்பு மாதிரி ஒரு வாசமும் வரும். இந்த ரெண்டு வாசமும்தான் அந்தப் பியர், அதை 3 டிகிரியில குடுத்தா கலங்கல் தண்ணிதான் மிஞ்சும். 6 இல இருந்து 8 டிகிரி, அதாவது பிரிட்ஜ்ல இருந்து எடுத்து அஞ்சு ஆறு நிமிசம். ஐபிஏ, பேல் ஏல் எண்டு ஹொப்ஸ் கூடப் போட்ட வகைகளுக்கு 7 இல இருந்து 10, தோடம்பழத் தோலைக் கிள்ளினா வாற மாதிரி ஒரு மணம் அதுல இருக்கு, அது எழும்ப அவ்வளவு சூடு தேவை. பிரவுன் ஏல், கஸ்க் ஏல் எல்லாம் 11 இல இருந்து 13, அதை மேல சொல்லிட்டன்.

இப்ப ஸ்டவுட். இதுதான் எனக்கு மனசுக்குக் கிட்டின விசயம், எங்கட நாட்டுல இருந்து வெளியில பேர் எடுத்த பியர் லயன் ஸ்டவுட், 8.8 சதவீதம் அல்ககோல். மைக்கேல் ஜாக்சன் எண்ட பிரிட்டிஷ் பியர் எழுத்தாளர், 2007ல காலமானவர், இலங்கைக்கு வந்து இதைக் குடிச்சுப் பாத்து பாராட்டி எழுதினார். இதோட பூர்வீகம் நுவரெலியா, அங்க 19ம் நூற்றாண்டுலயே பியர் ஆலை வந்திட்டுது, பிறகு கனகாலம் கழிச்சுத்தான் பியகமவுக்கு மாறினது. நுவரெலியாவோட வருசச் சராசரிச் சூடு 16 டிகிரிக்குக் கிட்ட. யோசிச்சுப் பாருங்க, அங்க மேசையில சும்மா வச்ச போத்தல் தானாவே ஸ்டவுட்டுக்கு ஏத்த இடத்துக்குக் கிட்ட நிண்டிருக்கும், ஒரு பிரிட்ஜும் தேவைப்பட்டிருக்காது. அதே போத்தல் லொறியில மலையால இறங்கி எங்கட கடற்கரைக்கு வந்த உடன நாங்க பயத்துல பிரீசருக்குள்ள தள்ளுறம், 30ல இருந்து நேரே 1க்கு, நடுவுல இருக்கிற அந்த 12ஐ ஒருத்தரும் பாக்கிறேல்ல. அயர்லாந்து கின்னஸ் ட்ராஃப்ட் மாதிரி 4 சதவீதம் சொச்சம் உள்ள மெல்லிய ஸ்டவுட்டுக்கு 6 இல இருந்து 8 போதும். ஆனா லயன் ஸ்டவுட் மாதிரி கனத்ததுக்கு 10 இல இருந்து 13. அதுக்கு மேல 15ஐத் தாண்டினா அல்ககோல் சூடு தொண்டையில தெரியத் தொடங்கும்.

அதே 8.8 சதவீதம் உள்ள லயன் ஸ்ட்ரோங் வேற கதை. அது ஸ்டவுட் இல்ல, வறுத்த மோல்ட் இல்ல, அதைச் சூடாக்கினா இனிப்பும் அல்ககோலும்தான் முன்னுக்கு வரும், லாகர் மாதிரி குளிரவே குடிக்கலாம். அப்ப அல்ககோல் அளவை மட்டும் பாத்து முடிவெடுக்காம நிறத்தையும் பாக்கணும். இதுல ஒரு எச்சரிக்கையும் இருக்கு, குளிர் அல்ககோலையும் மறைக்கும், குளிரக் குளிர ஸ்ட்ரோங் குடிக்கிற ஆளுக்கு லாகர் குடிக்கிற நினைப்புத்தான் இருக்கும், உள்ள போறது கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. மெதுவாக் குடிங்க, பிறகு மோட்டச்சைக்கிள் திறப்பைத் தொடாதீங்க.

பெல்ஜியத்து ஆக்கள் பியரை வைன் மாதிரி நடத்துறவங்க, மடத்துல காய்ச்சுற ஓர்வல் 12 இல இருந்து 14 டிகிரி, புளிப்பான லாம்பிக் வகைகளும் 12க்கு அங்கால இஞ்சால. இஞ்ச அது கையில கிடைக்கிறது அருமை, ஆராவது கொண்டுவந்து தந்தா ஞாபகம் வச்சுக்கொள்ளுங்க.

இனி எங்கட ஊர்க் கணக்கு. தெர்மோமீட்டர் வச்சு நான் பாத்த அளவுல, மத்தியானம் நிழல்ல 32 டிகிரி இருக்கேக்க, பிரிட்ஜ்ல இருந்து 5 டிகிரியில எடுத்த பெரிய போத்தல் மேசையில வச்சு பத்து நிமிசத்துல 8 9க்கு வந்திட்டுது, இருபது நிமிசத்துல 12ஐத் தொட்டுது. கிளாஸ்ல ஊத்தினா இன்னும் கெதியா ஏறும். அப்ப ஸ்டவுட்டுக்கு 15 இல இருந்து 20 நிமிசம் வெளியில, அவ்வளவுதான் முழு ரகசியம். இங்கிலாந்துக்காரர் எழுதின புத்தகத்துல முக்கால் மணித்தியாலம் எண்டு இருந்தா அதை இஞ்ச செய்யாதீங்க. இன்னொண்டு, குடிச்சு முடிக்கிற வரைக்கும் சூடு ஏறிக்கொண்டே இருக்கும், அதால தேவையானதுக்கு ரெண்டு மூண்டு டிகிரி கீழ தொடங்கிறது புத்தி. லாகரை பெரிய கிளாஸ்ல நிறைய ஊத்தி வைக்காதீங்க, சின்னக் கிளாஸ்ல கொஞ்சம் கொஞ்சமா ஊத்துங்க, மிச்சம் போத்தல் ஐஸ் பெட்டிக்குள்ள இருக்கட்டும்.

போத்தல் வேர்க்கிறதைப் பாத்திருப்பீங்க, வெளியில முத்து முத்தாத் தண்ணி. அது வடிவா இருக்கு எண்டு போட்டோ எடுப்பாங்க, ஆனா அந்தத் தண்ணி கடல் காத்துல இருந்த ஈரப்பதன், நீராவி தண்ணியாக மாறேக்க தன்ர வெப்பத்தை போத்தல்ல விட்டுட்டுத்தான் மாறும். எங்கட பக்கம் காத்துல ஈரம் கூட, அதால இஞ்ச பியர் நினைக்கிறதை விடக் கெதியாச் சூடாகுது. ஒரு துணியைச் சுத்தி வச்சா, இல்லாட்டி வெள்ளைக்காரர் கொண்டுவாற பஞ்சு உறையைப் போட்டா அந்த ஈரக் காத்து போத்தல்ல படாது, நல்ல வித்தியாசம் தெரியும். பனிக் கிளாஸை நான் விட்டுட்டன். அதுல ஊத்தின உடன கிளாஸ் ஓரத்துல பியர் உறைஞ்சு, நுரை குழம்பி, படிஞ்ச பனி தண்ணியாகி பியரோட கலக்கும், பிரீசர்ல மீன் இருந்தா அந்த வாசமும் வரும், எங்கட ஊர்ப் பிரீசர்ல மீன் இல்லாம இருக்காது. தண்ணியில அலசின சாதாரணக் கிளாஸ் போதும்.

அவசரமாக் குளிர வைக்கிற விசயத்துல பின் குடாவுல மீன்பிடிக்கிற ஆக்கள்தான் எனக்கு வாத்தி. ரிஜிபோம் பெட்டிக்குள்ள வெறும் ஐஸுக்கு மேல போத்தலைப் படுக்க வச்சா ஐஸ் தொடுற இடம் மட்டும்தான் குளிரும், மற்ற இடமெல்லாம் காத்து. அதுக்குள்ள தண்ணி ஊத்துங்க, போத்தல் முழுசா ஐஸ் தண்ணிக்குள்ள முங்கணும், தண்ணி காத்தை விட இருபது மடங்குக்கு மேல வெப்பத்தைக் கடத்தும். ரெண்டு மூண்டு கை உப்பு போட்டா ஐஸ் தண்ணி 0க்கும் கீழ போகும், இடைக்கிடை போத்தலை மெல்லச் சுழட்டி விட்டா கால் மணித்தியாலத்துக்குள்ள பெரிய போத்தலும் குளிர்ந்திடும், டின் எண்டா அதுக்கும் முன்னம். பிரிட்ஜ்ல இதே வேலைக்கு மணித்தியாலக் கணக்கு வேணும். பிரீசரை நான் கடைசி வழியாத்தான் சொல்லுவன், போட்டா கட்டாயம் போன்ல அலாரம் வைங்க. 5 சதவீதப் பியர் மைனஸ் 2, 3 டிகிரியில உறையத் தொடங்கும், பிரீசர் மைனஸ் 18, தண்ணி ஐஸாகேக்க ஒன்பது சதவீதம் பெருக்கும், போத்தல் வெடிக்கும். ஒரு பெருநாள் இரவு எனக்கு அப்பிடி ரெண்டு போத்தல் வெடிச்சு, பாரை மீன் முழுக்க கண்ணாடித் துண்டு, அவ்வளவு மீனையும் வீச வேண்டி வந்திச்சு.

போயா, அதாவது பௌர்ணமி, நாள்ல கடை பூட்டு, அதால முதல் நாளே வாங்கி வைக்கிறது எங்கட ஆக்களோட வழக்கம், 21 வயசுக்குக் குறைஞ்ச ஆக்களை அனுப்பி வாங்கேலாது எண்டதையும் சேத்துச் சொல்லுறன். 2022ல கரண்ட் மணித்தியாலக் கணக்கா வெட்டின நேரம் கன பேர் என்னட்டக் கேட்டாங்க, குளிர்ந்த பியர் சூடாகித் திரும்பக் குளிர்ந்தா பழுதாகுமா எண்டு. ஒரு தரம் ரெண்டு தரம் அப்பிடி நடந்தா ஒண்டும் ஆகாது. பழுதாக்கிறது நீண்ட நாள் சூடு, மாசக் கணக்கா வெக்கையான ஸ்டோர்ல கிடந்தா ஈரமான காட்போட் மட்டை மாதிரி ஒரு ருசி வரும், பிறகு எவ்வளவு குளிர வச்சாலும் அது போகாது. வெயில் அதை விட மோசம், பச்சைப் போத்தல், வெள்ளைப் போத்தல் எண்டா வெளிச்சம் ஹொப்ஸைத் தாக்கி கொஞ்ச நேரத்துலயே நாத்தம் வரும், மண்ணிறப் போத்தல் இதைக் கனக்கத் தடுக்கும். நிலாவெளியில மணல்ல போத்தலைக் குத்தி வச்சுட்டுக் குளிக்கப் போற ஆக்களைக் கண்டா நான் போய்ச் சொல்லுறது, அண்ணன், அதைத் துவாயால மூடி வைங்க எண்டு.

தெர்மோமீட்டர் இல்லாத ஆக்களுக்கு கை போதும். போத்தலைப் பிடிச்சு பத்து வரைக்கும் எண்ண முதல் விரல் நொந்தா அது லாகர் குளிர். வசதியாப் பிடிச்சுக்கொண்டு இருக்கலாம், ஆனா நல்ல குளிர்மை தெரியுது எண்டா ஸ்டவுட் குளிர். கிளாஸ்ல ஊத்தினது மிச்சம் குளிர் எண்டு தெரிஞ்சா ரெண்டு உள்ளங்கையாலயும் அணைச்சுப் பிடிங்க, சில நிமிசத்துல மணம் எழும்பும். அடுத்த முறை ஒரு ஸ்டவுட்டை பிரிட்ஜ்ல இருந்து எடுத்த உடன கால் கிளாஸ் ஊத்திக் குடிச்சுட்டு, மிச்சப் போத்தலை மூடி வச்சிட்டு கடற்கரையில ஒரு இருபது நிமிச நடை போய் வந்து அடுத்த கால் கிளாஸை ஊத்துங்க. முதல்ல மூக்கை வைங்க, பிறகு வாயை.